பழைய சின்ன பைக் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? காரணத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் வழி

பின் ஷாக் அப்சார்பரை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 100 சிசி வண்டி அது. அதிகம் ஓடியதில்லை, ஆனால் வயது பத்தைத் தாண்டியிருந்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் தண்டுவடத்தில் யாரோ சுத்தியலால் தட்டுவது போலிருக்கும். முதல் ஜோடி ஷாக்கை மாற்றியதும் ஒரு வாரம் நன்றாக இருப்பதாக மனசு சொல்லிக்கொண்டது. செலவழித்த காசு அப்படிச் சொல்ல வைக்கும். அப்புறம் பழைய கதைதான். இரண்டாவது ஜோடிக்கும் அதே கதி.

ஒரு நாள் பஞ்சர் ஒட்டுவதற்காகப் பின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தபோது, டயரின் பக்கவாட்டில் இருந்த எண் கண்ணில் பட்டது: 0911. 2011-ஆம் ஆண்டின் 9-ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டியோடு பிறந்தது. பட்டன் தேயவில்லை என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்த்தேன். பலகையில் அழுத்தியது போலத் தடமே விழவில்லை. டயரை மாற்றியதும் பாதிப் பிரச்சினை போனது. மீதிப் பாதி முன் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் குழாய்களில், இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மேலும் இரண்டு மாதம் ஆனது.

100 முதல் 150 சிசி வரையிலான, முன்னால் சாதாரணக் குழாய் ஃபோர்க்கும் பின்னால் இரண்டு ஷாக்கும் உள்ள பழைய வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். செலவில்லாத சோதனைகள் முன்னால், பொருள் வாங்க வேண்டியவை பின்னால். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் செய்தது போல ஷாக்கையும் காற்றழுத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால், எது வேலை செய்தது என்பது கடைசி வரை தெரியாது.

ஒரே வார்த்தை, மூன்று கோளாறு

“வண்டி கல்லு மாதிரி இருக்கு” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வேறு கோளாறுகள் இருக்கலாம்.

முதலாவது, அமுங்க வேண்டியது அமுங்காமல் நிற்பது. காய்ந்த டயர், அதிகக் காற்று, பிடித்துக்கொண்ட ஃபோர்க், அளவுக்கு மேல் கெட்டியான ஸ்பிரிங் எல்லாம் இந்த வகை. சின்னக் கல், தார்ச் சாலையின் சொரசொரப்பு எல்லாமே கைக்கும் இடுப்புக்கும் வந்து சேரும்.

இரண்டாவது, அதற்கு நேர் எதிர். தேவைக்கு மேல் அமுங்கி அடியில் போய் முட்டுவது. சமமான சாலையில் மெத்தை போல இருக்கும். வேகத்தடையில் ‘டங்’ என்று ஒரு அடி. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஃபோர்க்கில் எண்ணெய் குறைந்திருக்கலாம், ஷாக்கில் உயிரே இல்லாமல் இருக்கலாம். இந்த வண்டியை ‘இன்னும் சாஃப்ட் ஆக்குகிறேன்’ என்று இறங்கினால் நிலைமை மோசமாகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் மிகவும் பொதுவான தவறு.

மூன்றாவது, சாலைக்குச் சம்பந்தமே இல்லாத நடுக்கம். எஞ்சின் மவுண்ட் போல்ட் தளர்ந்திருப்பது, ரிம் நெளிந்திருப்பது, பின் சக்கரத்து டிரம்முக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து கியர் மாற்றும்போதெல்லாம் உதறுவது. இவற்றுக்கு ஷாக்கை மாற்றிப் பயனில்லை.

ஓட்டிப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடலாம்

நன்றாகப் பழகிய ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் சொரசொரப்பு, ஒரு வேகத்தடை, கூர்மையான விளிம்புள்ள ஒரு ஒட்டுப்போட்ட இடம், இவ்வளவு இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் அதே சாலை, அதே வேகம். 30 கிலோமீட்டரில் ஒரு முறை, 50-இல் ஒரு முறை. வாகன நெரிசல் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

சொரசொரப்பான இடத்தில் கால்மிதிகளின் மேல் எடையைப் போட்டு, சீட்டிலிருந்து ஒரு விரல்கடை எழும்புங்கள். உடனே நிம்மதியாக இருந்தால் சந்தேகம் சீட்டின் மேலும் பின்பக்கத்தின் மேலும் விழுகிறது. அப்போதும் உள்ளங்கை அதிர்ந்தால் முன்பக்கம். அடுத்து 50-இல் போகும்போது கிளட்சைப் பிடித்து எஞ்சினை ஐடிலில் விடுங்கள். நடுக்கம் எஞ்சின் வேகத்தோடு இறங்கினால் அது எஞ்சின் பக்கத்துக் கோளாறு. வண்டியின் வேகத்தோடு மட்டும் மாறினால் சக்கரம் அல்லது டயர்.

வேகத்தடையைத் தாண்டியதும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை துள்ளினால் ஷாக்கில் தணிக்கும் சக்தி போய்விட்டது, ஸ்பிரிங் மட்டும்தான் மிச்சம். முன் பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்று ஒரு தட்டு வந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து ‘முன்பு எப்படி இருந்தது’ என்பது ஞாபகத்தில் நிற்காது.

காற்றும் டயரும்

காற்றழுத்தம் எவ்வளவு என்பது செயின் கவர் அல்லது ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் இரும்புக் கை) மேலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில். இந்த வகைச் சின்ன வண்டிகள் பலவற்றில், ஒருவர் மட்டும் ஓட்டும்போது முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் 28 முதல் 33 என்று போட்டிருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரத்துக்கு மட்டும் கூடும். நடைமுறையில் என்ன நடக்கிறது? ‘இருக்கட்டும், சீக்கிரம் இறங்காது’ என்று இரண்டிலும் 40 அடித்து அனுப்புகிறார்கள். அந்தக் காற்றோடு எந்த ஃபோர்க்கும் மென்மையாக இருக்காது. சின்னக் கல்லையும் கூர்மையான விளிம்பையும் முதலில் விழுங்குவது டயர்தான். அது விழுங்காவிட்டால் மற்றதெல்லாம் தாமதமாகத்தான் அசையும்.

சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். மென்மை வேண்டும் என்று சொன்ன அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். பள்ளத்தில் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும், ரிம்மும் நெளியும்.

டயரின் வயதைப் பக்கவாட்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தில் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்திய டயர், யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். ஐந்தாறு வருடம் கடந்த டயரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பட்டன்களுக்கு நடுவில் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பத்து வருடம் ஆனதை, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடுவதே சரி. காய்ந்த ரப்பர் தூக்கிப் போடுவது மட்டுமில்லை, ஈரத்தில் பிடிமானமும் தராது.

முன்பிருந்தவர் ‘ஸ்ட்ராங்கா இருக்கும்’ என்று 6 பிஆர் (பிஆர் என்பது டயர் தாங்கும் வலுவைச் சொல்லும் எண்) டயர் போட்டிருந்தாலும் இதே பிரச்சினை வரும். சுமை ஏற்றுவதற்கான டயர் அது. பக்கச் சுவர் எளிதில் வளையாது. 4 பிஆர் போதும் என்று கையேடு சொன்னால் அதையே போடுங்கள்.

டயரைத் தாண்டுவதற்கு முன் சக்கரத்தையும் சுற்றிப் பார்த்துவிடலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஸ்விங் ஆர்மில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் முனை ரிம்மைத் தொடாமல் தொடுவது போல வைத்துச் சுற்றுங்கள். மேலும் கீழுமாக 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் ரிம்மைச் சரிசெய்ய வேண்டும். ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் ஒரு ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமானது ‘டிங்’ என்று பாடும், தளர்ந்தது ‘டப்’ என்று செத்த சத்தம் தரும். டயர் ரிம்மோடு உட்காரும் இடத்துக்கு மேலே சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு இருக்கும். அந்தக் கோடு ஒரு பக்கம் வெளியே தெரிந்து மறுபக்கம் ரிம்முக்குள் ஒளிந்திருந்தால், டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடித்து உட்கார வையுங்கள்.

செயினைச் சந்தேகப்படுங்கள்

பின்பக்கம் கடினமாக இருந்தால் எல்லோரும் ஷாக்கைப் பார்க்கிறார்கள், செயினை யாரும் பார்ப்பதில்லை. ஸ்விங் ஆர்ம் மேலே எழும்பும்போது செயின் ஓடும் பல்சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் மாறும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் (சக்கரத்தின் நடு அச்சு) மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் நிலையில்தான் அந்தத் தூரம் மிக அதிகம். ஸ்டாண்டில் நிற்கும்போது செயினை விறைப்பாக வைத்துவிட்டால், ஆள் உட்கார்ந்ததும் அது கம்பி போல இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் சக்கரம் எழும்பாது. ஷாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கே கயிறு கட்டியது போலத்தான். கூடவே எஞ்சின் பக்கத்து பேரிங்கும் கெடும்.

கையேட்டு அளவு பெரும்பாலும் நடுவில் 20 முதல் 30 மி.மீ. தளர்ச்சி இருக்கும். அளந்த பிறகு நண்பர் ஒருவரைச் சீட்டில் உட்கார வைத்து மறுபடி பாருங்கள்; அப்போதும் செயின் கொஞ்சம் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நாலைந்து இடத்தில் அளங்கள். பழைய செயின் ஒரே சீராக நீளாது. ஒரு இடத்தில் 30 இருக்கும், இன்னொரு இடத்தில் 10 இருக்கும். மிக விறைப்பான இடத்தை வைத்துத்தான் தளர்ச்சியை அமைக்க வேண்டும். வித்தியாசம் அதிகம் என்றால் செயின் செட் மாற்றும் காலம் வந்துவிட்டது.

அடுத்து ஸ்விங் ஆர்ம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றுங்கள். கட்டையை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். ஸ்விங் ஆர்ம் போல்ட்டைச் சுற்றியுள்ள புஷ் (உள் உறை) உலோகம் அல்லது பிளாஸ்டிக் என்றால் பாதி உயரத்திலிருந்து விட்டதும் தன் எடையிலேயே இறங்க வேண்டும். கரகரவென்று பிடித்துப் பிடித்து இறங்கினால் உள்ளே கிரீஸ் காய்ந்து துரு ஏறியிருக்கிறது. போல்ட்டை உருவி, சுத்தம் செய்து, கிரீஸ் வையுங்கள். பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கும்போது ‘கிளிக்’ என்று ஆட்டம் தெரிந்தால் புஷ் மாற்ற வேண்டும்.

இங்கே மெக்கானிக்குகளே தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. பல வண்டிகளில் ரப்பர் ஒட்டிய புஷ் இருக்கும். அது சுழலாது, உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஸ்விங் ஆர்ம் அசைகிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெரிய நட்டை இறுக்கிவிட்டால், ஆள் உட்கார்ந்ததும் ரப்பர் ஏற்கெனவே முறுக்கேறிய நிலையில் இருக்கும். ஒரு கூடுதல் ஸ்பிரிங் போட்டது போல. நட்டைத் தளர்த்தி, ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆள் உட்கார்ந்த நிலையில் இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் வித்தியாசம் தெரியும்.

முன் ஃபோர்க்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

முதலில் அது அசையாமல் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று அளந்துவிடலாம். ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையை, தள்ளினால் நகரும் அளவுக்குக் கட்டுங்கள். நீங்கள் வழக்கமான உடையோடு உட்காருங்கள். இன்னொருவர் பக்கத்தில் நின்று வண்டியைப் பிடிக்கட்டும். ஹேண்டிலை அமுக்கி, மெல்ல மெல்ல மேலே வர விடுங்கள். நின்ற இடத்தில் வெளியே தெரியும் குழாயின் நீளத்தை நண்பர் அளக்கட்டும். அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி மெல்ல இறங்க விட்டு, மறுபடி அளக்கட்டும். பிடிப்பே இல்லாத ஃபோர்க்கில் இரண்டும் ஒன்றாக இருக்கும். நிஜத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் 15 மி.மீ.க்கு மேல் போனால், உங்கள் ஃபோர்க் சின்னக் குலுக்கலுக்கு அசைவதே இல்லை என்று அர்த்தம். என் வண்டியில் 22 மி.மீ. வந்தது.

காரணம் ஆக்சில். முந்தைய பஞ்சரின்போது சக்கரத்தை மாட்டியவர், ஃபோர்க்கின் ஒரு காலின் கீழ் முனையை மற்றக் காலை நோக்கி இழுத்த நிலையில் இறுக்கியிருந்தார். இரண்டு குழாயும் இணையாக இல்லாததால் ஒவ்வொரு அசைவிலும் உரசிக்கொண்டிருந்தன. சரிசெய்யும் முறை இது. ஆக்சில் நட்டைக் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். ஆக்சிலைக் கவ்வும் சின்ன போல்ட் இருந்தால் அதையும், மட்கார்டின் நான்கு போல்ட்டையும் தளர்த்தியே வையுங்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பத்து முறை பலமாக அமுக்கி விடுங்கள். கால்கள் தாமாகவே தம் இடத்தைத் தேடிக்கொள்ளும். அப்புறம் சின்ன போல்ட், கடைசியாக மட்கார்டு போல்ட். மட்கார்டு துளைகள் நேராக வராமல் இழுத்துத் திணிக்க வேண்டியிருந்தால், மட்கார்டின் இரும்புப் பட்டை கோணியிருக்கிறது. பட்டையை நிமிர்த்துங்கள், கால்களை இழுக்காதீர்கள்.

இதற்குப் பிறகு அளந்தபோது 22 மி.மீ. என்பது 9 ஆகக் குறைந்தது. ஒரு பொருள்கூட வாங்கவில்லை.

அப்படியும் பிடித்தால், வண்டி எப்போதோ விழுந்திருக்கலாம். ஒரு சிறிய கண்ணாடித் துண்டை இரண்டு குழாய்களின் மேலும் சேர்ந்து படியும்படி முன்னால் வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஆடாமல் உட்கார்ந்தால் குழாய்கள் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஆடினால் முறுக்கு இருக்கிறது. சக்கரத்தை எடுத்துவிட்டு, குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கினால் பல நேரம் சரியாகிவிடும். குழாயே வளைந்திருந்தால் சமாளிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

குழாயின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருப் புள்ளிகள் நகத்தில் தட்டுப்பட்டால், அவை ஆயில் சீலை அரம் போல ராவிக்கொண்டிருக்கும். எண்ணெயில் நனைத்த 2000 எண் உப்புத்தாளால் முனைகளை மட்டும் மழுக்கலாம். சீல் ஒழுகினால் எண்ணெய் முன் பிரேக் வரை போகும். அந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஃபோர்க் ஆயில்: கெட்டியாக ஊற்றினால் என்ன ஆகும்

பழைய வண்டியில் ஃபோர்க் ஆயிலை மாற்றியிருக்கவே மாட்டார்கள். கழற்றினால் சாம்பல் நிறத்தில், அழுகிய மீன் வாடையோடு, வெயிலில் மினுமினுக்கும் உலோகத் தூளோடு ஒரு திரவம் வரும்.

இதை மாற்றும்போது ஒரு தூண்டுதல் வரும்: பிரேக் பிடித்தால் முன்பக்கம் அதிகம் குனிகிறது, கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றலாமே என்று. வேண்டாம். சின்ன வண்டிகளின் ஃபோர்க்கில் எண்ணெய் நிலையான துளைகள் வழியாகத்தான் போகிறது. அமுங்கும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பிரேக்கில் குனிவது மெதுவான அசைவு, அதைத் துளை அதிகம் கண்டுகொள்வதில்லை. ஒட்டுப்போட்ட விளிம்பில் அடிபடுவது படுவேக அசைவு. அப்போது எண்ணெய் வெளியேற நேரமில்லாமல் சுவர் போல நின்றுவிடும். கெட்டி எண்ணெய் குனிவதைக் கொஞ்சம் குறைத்து, அடியைப் பல மடங்கு கூட்டும். எஞ்சின் ஆயிலை ஊற்றி அனுப்பும் வழக்கமும் இதே விளைவைத்தான் தருகிறது. கையேடு 10டபிள்யூ (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) என்றால் அதில் தொடங்குங்கள். கூர்மையான அடி மட்டும் தொடர்ந்தால் ஒரு படி மெலிதாகப் போகலாம். திரும்பி எழும் வேகமும் கூடும் என்பதால் ஒரே ஒரு படிதான்.

வேலை வரிசை இப்படி:

1. எஞ்சினுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புங்கள். வண்டி ஆடக் கூடாது.

2. மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திய பிறகே ஃபோர்க்கின் தலை போல்ட்டைத் திறக்க வேண்டும். அதன் அடியில் ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது. துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை விலக்கி, கடைசிச் சுற்றுகளை மெதுவாக எடுங்கள்.

3. கீழே வடிகால் ஸ்க்ரூ இருந்தால் அதன் வழியாக வடியுங்கள். இல்லையென்றால் காலையே கழற்றிக் கவிழ்க்க வேண்டும். கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றி அலசி, அதையும் கொட்டிவிடுங்கள்.

4. ஸ்பிரிங்கின் நீளத்தை இப்போதே அளங்கள். கையேட்டில் குறைந்தபட்ச நீளம் இருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

5. சொன்ன அளவு எண்ணெயை ஊற்றி, காலைப் பத்துப் பன்னிரண்டு முறை மெல்ல ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

6. ஸ்பிரிங் இல்லாமல், கால் முழுவதும் அமுங்கிய நிலையில், குழாயின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை அளங்கள். இரண்டு காலிலும் ஒரே அளவு.

கடைசிப் படியை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். எண்ணெய்க்கு மேலே மாட்டிக்கொள்ளும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். குழாயின் உள்விட்டம் 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 10 மில்லி அதிகமானாலே மட்டம் சுமார் 20 மி.மீ. ஏறிவிடும். காற்றுக்கு இடம் குறைந்து, பாதி தூரம் அமுங்குவதற்குள் ஃபோர்க் விறைத்துவிடும். ‘நிறைய இருந்தால் நல்லது’ என்று ஊற்றிய வண்டிகள்தான் இப்படி ஆகின்றன. எதிர்த்திசையில், அடியில் முட்டும் வண்டிக்கு 5 மில்லி கூட்டுவது நல்ல மருந்து.

கோன் செட்டை இந்தச் சாக்கிலேயே பார்த்துவிடுங்கள். சக்கரம் காற்றில் இருக்கும்போது ஹேண்டிலை ஒரே விரலால் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் சிறு பள்ளத்தில் விழுவது போல நின்றால் குண்டுகள் தடம் பதித்துவிட்டன, மாற்ற வேண்டியதுதான். ஃபோர்க்கின் கீழ் முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது ஆட்டம் இருந்தால் இறுக்குங்கள். ஹேண்டில் தடையில்லாமல் இரு பக்கமும் விழும் அளவுக்கு மட்டும்.

பின் ஷாக்: படி எதை மாற்றுகிறது

பின்னால் நின்று சீட்டின் வாலை இரண்டு கையாலும் அமுக்கிச் சட்டென்று விடுங்கள். எழும்பி ஒரு முறையில் அடங்க வேண்டும். பந்து போலத் துள்ளினாலோ, தண்டில் எண்ணெய் பூசியது போல ஈரமும் தூசியும் ஒட்டியிருந்தாலோ ஷாக் முடிந்தது. வாயு நிரப்பிய ஷாக்கைத் திறக்கவோ வெல்டு வைக்கவோ முயல வேண்டாம், வெடிக்கும்.

கீழே படிப்படியாக வெட்டிய வளையத்தை எல்லோரும் ‘சாஃப்ட், ஹார்ட்’ என்று சொல்கிறோம். அது ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றுவதே இல்லை. ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங், ஐந்தாவது படியிலும் அதே 2 கிலோதான் கேட்கும். மாறுவது, அசையத் தொடங்க எவ்வளவு வேண்டும் என்பது. வளையம் ஸ்பிரிங்கை முன்கூட்டியே 10 மி.மீ. அமுக்கி வைத்திருந்தால் 20 கிலோ வந்த பிறகு அசையும்; 20 மி.மீ. என்றால் 40 கிலோ வந்த பிறகு. ஆகவே மெலிந்த உடம்புக்காரர் தனியாக ஓட்டும் வண்டியில் ஐந்தாம் படி இருந்தால், சின்னக் குலுக்கலுக்கு ஷாக் கண்ணே திறக்காது. கனமானவர் முதல் படியில் ஓட்டினால் பாதித் தூரம் உட்காரும்போதே செலவாகி, மீதியில் முட்டும்.

எந்தப் படி என்பதை ஊகிக்காமல் அளந்து முடிவு செய்யுங்கள். சக்கரம் தொங்கும்போது பின் ஆக்சிலிலிருந்து சீட்டுக்கு நேர் மேலே ஒரு புள்ளி வரை ஒரு அளவு. நீங்கள் உட்கார்ந்த பிறகு அதே அளவு. வித்தியாசம் சக்கரத்தின் மொத்த அசைவில் கால்வாசிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இருக்க வேண்டும். மொத்தம் 90 மி.மீ. என்றால் 22 முதல் 30. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்; ஒன்று 2-லும் மற்றது 4-லும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் படியிலேயே 15 மி.மீ.தான் உட்காருகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு அதிகம். எந்தப் படியிலும் 40-க்குக் குறையவில்லை என்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது.

புதிதாக வாங்குவதென்றால், மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடு வரை அளந்து அதே நீளம் வாங்குங்கள். 10 மி.மீ. கூடினாலே பின்பக்கம் உயர்ந்து ஹேண்டிலின் சுபாவம் மாறும், செயினின் கோணமும் மாறும். சுமை ஏற்றுபவர்களுக்கென்று விற்கும் கெட்டி ஸ்பிரிங் ஷாக்குகள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். என் இரண்டாவது ஜோடி அப்படிப்பட்டதுதான். வாயு இருப்பது போலப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிவப்பு டப்பாவுக்குள் ஒன்றுமே இல்லை.

சீட்

இதை ஏனோ யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் உட்காரும் இடத்தை முட்டியால் அழுத்துங்கள். அடித்தகடு தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது. சீட்டைக் கழற்றித் திருப்பி, ஃபிரேமில் படியும் ரப்பர் குமிழ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று காணாமல் போனாலும் தகடு நேரே இரும்பில் உட்கார்ந்திருக்கும். புது ஃபோம் வைக்கும்போது முழுக்க மெத்தென்று வைக்கச் சொல்லாதீர்கள். பத்து நிமிடத்தில் அது அமுங்கித் தகடு வந்துவிடும். கீழே கெட்டியாக, மேலே ஒரு விரல் தடிமனுக்கு மட்டும் மெதுவாக.

வேலை முடிந்த பிறகு

100 கிலோமீட்டர் ஓடியதும் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள்: ஆக்சில், கிளாம்ப், ஸ்விங் ஆர்ம், ஷாக் போல்ட். ஃபோர்க் சீலுக்கு மேலே குழாயில் எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்விங் ஆர்மும் ஷாக்கும் சேரும் இடங்களில் பெயிண்ட் மேல் முடி போல விரிசலோ, துரு வழிந்த கோடோ இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஃபிரேம் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பிளாஸ்டிக் டையைக் குழாயிலேயே விட்டுவைக்கலாம். வழக்கமாகப் போகும் வழியில் ஒரு வாரம் ஓட்டிய பின் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முழு அமுக்கத்துக்கு 10, 15 மி.மீ. மிச்சம் வைத்து நின்றால் ஃபோர்க் தன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு வாரமும் அடியிலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தால் 5 மில்லி எண்ணெய் கூட்டுங்கள். பாதியைக்கூடத் தாண்டவில்லை என்றால் ஆக்சிலுக்குத் திரும்பிப் போய், அந்தச் சின்ன போல்ட்டை மறுபடி தளர்த்துங்கள்.